லெஸ் ஹிங்லி நேர்ப்பெட்டியைக் கொண்டுவந்த நாள்

லெஸ் ஹிங்லி முதுகுவலியால்தான் கிட்டாரை விட்டான் என்று நெதர்டன் கிளப்பில் இன்றைக்கும் சிலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவன் அடக்கத்துக்கு வந்த ஒருவர், கையில் பன்றிக்கறி வைத்த ரொட்டியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த ஸ்பீக்கர் பெட்டியத் தூக்கித் தூக்கியே இடுப்பு போயிடுச்சு, பாவம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் ரொட்டியைப் பிடுங்கி நாய்க்குப் போட்டிருப்பேன். லெஸ்ஸின் முதுகுக்கு ஒரு குறையும் இல்லை. சாகும் வாரம்கூட நிலக்கரி மூட்டையைத் தனியாகத் தூக்கினான். அவன் ஏன் விட்டான் என்பது அன்றைக்கு மேடையில் அவனுக்குப் பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

நான் டட்லி பக்கம் பஸ் ஓட்டினவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் லெஸ்ஸின் குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தேன். எங்கள் குழுவுக்குப் பெரிய பெயரெல்லாம் கிடையாது. தொழிலாளர் கிளப்புகள், கல்யாணங்கள், எப்போதாவது ஒரு தீயணைப்பு நிலையத்து விருந்து. பிங்கோ என்கிற எண் விளையாட்டு ஆரம்பித்தால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓரமாய் உட்கார வேண்டும். கிழவிகள் சீட்டில் எண்களைக் குறித்து முடித்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்க வேண்டும். அதில் எங்களுக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை.

லெஸ் பள்ளிக்கூடத்தை விட்ட மறு வாரமே இரும்பு அடிக்கும் ஆலைக்குப் போய்விட்டான். நீராவிச் சம்மட்டி ஒன்று அங்கே விழுந்தால் பக்கத்துத் தெருவில் அலமாரிக் கோப்பைகள் ஆடும். அதன் காலடியில் பழுக்கக் காய்ந்த இரும்பைத் திருப்பிக் கொடுக்கிற வேலை அவனுக்கு. அந்த ஆலைக்காரர்கள் யாரும் வேலை நேரத்தில் குரலெடுத்துப் பேச மாட்டார்கள். பேசி என்ன பிரயோஜனம்? உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார்கள். அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். கிளப்பில் இந்த மூலையில் இருக்கிறவன் அந்த மூலையில் இருக்கிறவனிடம் சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து, நடுவில் உட்கார்ந்திருக்கும் நம்மைக் கிண்டல் பண்ணுவான். இரண்டு பேரும் தோள் குலுங்கச் சிரிப்பார்கள். நமக்கு எரிச்சலாக வரும்.

லெஸ் கெட்டிக்காரன் என்று சொல்ல மாட்டேன். பிடிவாதக்காரன். கறிக்கடையில் வேலை பார்த்த மாவிஸைக் கட்டினான். ஒரே மகள், டெனீஸ். அவள் பிறந்த வாரம் வார்த்தையே இல்லாமல் ஒரு மெட்டு கட்டினான். மூன்று தட்டுத் தாளம், மெதுவாகப் போகும். நடுவில் ஓரிடத்தில் மேலே ஏறி, இறங்கவா வேண்டாமா என்று யோசிப்பது மாதிரி நிற்கும். அதற்குப் பெயர் வைக்கவில்லை, 'டெனீஸ் பாட்டு' என்போம். வேறு எவனாவது கேட்டால் வாசிக்க மாட்டான். "அது அவளோடது. அவ கல்யாணத்துல கேட்டுக்கோங்கடா" என்பான். அவளுக்கு அப்போது பால்பல்கூட விழவில்லை.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். கிட்டார்காரனுக்குப் பின்னால் கறுப்பாக நிற்குமே, நாலு ஸ்பீக்கர் வைத்த மரப்பெட்டி, அதில் இரண்டு ஜாதி. ஒன்று நேர்ப்பெட்டி. முகம் சுவர் மாதிரி தட்டையாக இருக்கும். நாலு ஸ்பீக்கரும் எதிரே பார்க்கும். தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குச் சத்தம் கனமாக, அழகாகப் போய்ச் சேரும். ஆனால் முன்னால் ஒட்டி நின்று வாசிக்கிறவனுக்கு அது முழங்காலில்தான் படும். இன்னொன்று சாய்வுப்பெட்டி. மேல் பாதி கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், அதனால் மேல் இரண்டு ஸ்பீக்கரும் நிமிர்ந்து வாசிக்கிறவன் காதையே பார்க்கும். பெரிய மேடையில் நேர்ப்பெட்டியைக் கீழே வைத்துச் சாய்வுப்பெட்டியை மேலே ஏற்றுவார்கள். லெஸ் இரண்டையும் வைத்திருந்தான். ஆனால் கிளப் மேடையில் டிரம்மை வைத்து, என்னை வைத்து, பாடகனை வைத்தால் மிச்சம் இருப்பது ஒரு பெட்டிக்கு இடம். லெஸ் எப்போதும் சாய்வைத்தான் கொண்டுவருவான். "முழங்காலுக்குக் காது மொளச்சா நேரைக் கொண்டாறேன்" என்பான்.

அப்புறம்தான் அந்த விளக்குப் பெட்டி வந்தது. புதிதாகக் கட்டின வீடுகளில் குடிவந்தவர்கள் சத்தம் சத்தம் என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள். நாங்கள் வாரா வாரம் வாசிக்கும் நெதர்டன் கிளப் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு வைத்த ஒரு பெட்டியை மாட்டினார்கள். கூரையிலிருந்து ஒரு மைக், சரியாக மேடைக்கு எதிரே தொங்கியது. சத்தம் கூடினால் மஞ்சள், இன்னும் கூடினால் சிவப்பு. சிவப்பு கொஞ்ச நேரம் நின்றால் மேடைக்கு வருகிற மின்சாரம் மொத்தமும் போய்விடும். கிளப் செயலாளர் நார்மன் ஃபாக்ஸால் வந்து சாவி போட்டுத் திருப்பினால்தான் திரும்ப வரும். நார்மன் அந்தப் பெட்டியைத் தன் பேரப்பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார். ஒருமுறை அதை ஏமாற்ற, ஆண்கள் கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்துப் பிளக்கிலிருந்து நீளமாக ஒரு ஒயரை இழுத்துவந்தோம். நார்மன் அதில் தடுக்கி விழுந்து, எங்களை இரண்டு மாசம் உள்ளே விடவில்லை.

லெஸ்ஸின் சாய்வுப்பெட்டி அந்த மைக்கையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. வாரம் தவறாமல் பாட்டு நடுவில் சிவப்பு விழுந்து மின்சாரம் போனது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'ஓ' என்று கூவுவார்கள். எனக்கு மானம் போகும்.

"நேரைக் கொண்டாயேன்டா. அது கீழ பாத்துப் பேசும். மைக்குக்கு எட்டாது" என்றேன்.

"அது செத்த பெட்டி, வில்ஃப்."

"கேக்குறவங்களுக்கு அதுதான்டா நல்லாருக்கு. உனக்கு நீ வாசிக்கிறத நீயே கேட்டு ரசிக்கணும், அதானே? கண்ணாடி முன்னாடி நிக்கிற பொம்பள உன்கிட்ட தோத்தா."

"ஆமா. அப்படித்தான். நீ பஸ்ஸப் பாத்து ஓட்டு."

இரண்டு பேரும் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. அவன் சாய்வை விடாததை வெறும் வீம்பு என்று நினைத்தேன்.

டெனீஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பூட்டு ஆலையில் கணக்குப் பார்க்கிற பையன், சாது. தேவாலயம் முடிந்து சாயங்காலம் எங்கள் கிளப்பிலேயே விருந்து. மணமக்கள் முதல் ஆட்டத்துக்கு அந்த மெட்டைத்தான் வாசிக்கப் போகிறோம். மாசக்கணக்கில் லெஸ் வேறு எதையும் பேசவில்லை.

கல்யாணத்துக்கு முன் வாரம் மாவிஸ் டட்லி நிறுத்தத்தில் என் பஸ்ஸில் ஏறினாள். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு சொன்னாள்.

"வில்ஃப், லெஸ்ஸுக்குக் காது கேக்கல."

"யாரு பேச்சைத்தான் அவன் கேட்டிருக்கான்?"

"வெளையாடாத. நெசமாவே கேக்கல. நாலஞ்சு வருசமா கொஞ்சம் கொஞ்சமா போயி, இப்ப ஒண்ணுமே இல்ல. கெட்டில் கூவுறது கேக்கல. கதவு தட்டுனா கேக்கல. நான் பின்னால நின்னு பேசுனா சுவரோட பேசுறாப்ல. வாயப் பாத்தே சமாளிக்கிறான்."

நான் பிரேக்கைக் கொஞ்சம் வேகமாகவே போட்டேன். பின்னால் ஒரு கிழவர் திட்டினார்.

"அப்ப எப்படி வாசிக்கிறான்?"

"அந்தச் சாஞ்ச பெட்டி இருக்கே, அதுக்கு நேர காதக் குடுத்து நின்னா ஏதோ கொஞ்சம் உள்ள போகுதாம். கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரின்னான். அந்தக் கொஞ்சத்தையும் விட்டுட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு பயப்படுறான். டெனீஸுக்குத் தெரியக் கூடாதாம். கல்யாணம் வரைக்கும் தெரியாம பாத்துக்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டான். நீ நார்மன்கிட்ட சொல்லி அந்த எழவு வெளக்க ஒரு நாளைக்கி அணைக்கச் சொல்லேன்."

அவள் இறங்கினதும் எனக்குக் கண் கலங்கியது. கூடவே ஆத்திரமும் வந்தது. இத்தனை வருஷமாகத் தோளோடு தோள் நிற்கிறேன், என்னிடம் சொல்லாமல் என்ன நட்பு இது? அவன் நான் பேசும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பான். மரியாதை என்று நினைத்து நானும் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

நார்மனிடம் போனேன். காரணத்தைச் சொல்ல முடியாது. "ஒரே ஒரு பாட்டுக்கு, நார்மன்" என்று கெஞ்சினேன்.

"முத்திரை வச்சிட்டுப் போயிருக்கான்யா நகராட்சிக்காரன். பிரிச்சா கிளப்புக்கு லைசென்ஸ் போயிடும். என் சொந்தப் பொண்ணு கல்யாணமா இருந்தாலும் அவ்ளோதான். சத்தத்தக் கொறைக்கச் சொல்லு."

லெஸ்ஸுக்குக் கேட்கிற அளவுக்கு வைத்தால் விளக்கு சிவக்கும். விளக்கு சிவக்காத அளவுக்கு வைத்தால் லெஸ்ஸுக்குக் கேட்காது. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்குமா என்று பஸ் ஓட்டும்போதெல்லாம் யோசித்தேன். இல்லை. சாய்வைக் கொண்டுவந்தால் மகள் ஆடும்போது பாட்டு செத்துப்போகலாம். நேரைக் கொண்டுவந்தால் பாட்டு கடைசிவரை போகும், ஆனால் அதை வாசிக்கிறவனுக்கு ஒன்றும் கேட்காது. எனக்குத் தெரியும் என்பதை அவனிடம் காட்டிக்கொள்ளவும் முடியவில்லை.

கல்யாணத்தன்று மத்தியானம் வேனைப் பின்வாசலில் நிறுத்தினான். கதவைத் திறந்தான். உள்ளே நேர்ப்பெட்டி இருந்தது.

"எங்கடா மத்தது?"

"வீட்டுல."

"போய் எடுத்துட்டு வந்துருவோம். நேரம் கெடக்கு. நான் நார்மனச் சமாளிக்கிறேன்."

பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு என் உதட்டையே பார்த்தான். என் முகம் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

"மாவிஸ் சொல்லிட்டாளா?"

நான் தலையசைத்தேன்.

"சரி விடு. இன்னைக்கி நான் கேக்க வேண்டிய நாள் இல்ல. அவ கேக்கட்டும். அந்தப் பக்கம் புடி."

தூக்கினோம். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சு இல்லை. பேசியிருந்தால் இரண்டு பேருமே பெட்டியைக் கீழே போட்டிருப்போம்.

டிரம் வாசிக்கிற ராயிடம், "கால் டிரம்ம மட்டும் கொஞ்சம் அழுத்தி மிதி, கல்யாணப் பாட்டு தூங்கிடக் கூடாது" என்றான். சுருதியை முள் காட்டும் கருவியில் பார்த்துச் சேர்த்தான். ஒலியின் அளவை நான் ஹாலின் கடைசியில் நின்று கையசைத்துச் சொன்னேன். மஞ்சள்கூட எட்டிப் பார்க்கவில்லை. நார்மன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் லெஸ் புதுக் காலணியைக் கழற்றிவிட்டு, வெறும் காலுறையோடு மேடையில் நின்றான். எல்லோரும் சிரித்தார்கள். "கால் கடிக்குது" என்றான். ராய் மிதிக்கிற அதிர்வு மேடைப் பலகை வழியாகப் பாதத்துக்கு வர வேண்டும், அதுதான் விஷயம்.

விருந்து முடிந்து தட்டுகளை எடுத்தார்கள். ஹாலில் பாதிப் பேர் ஆலைக்காரர்கள். மணமக்கள் நடுவுக்கு வந்தார்கள். டெனீஸ் அப்பாவைப் பார்த்து ஒரு முத்தத்தைக் காற்றில் விட்டாள். லெஸ் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினான்.

ஒத்திகையில் எத்தனையோ தரம் அந்த மெட்டைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குப் போல ஒருநாளும் அவன் வாசித்ததில்லை. ஒரு சுரம் பிசகவில்லை. கேட்காத மனுஷன் வாசிக்கிறான் என்று சத்தியம் பண்ணினால்கூட எவனும் நம்பியிருக்க மாட்டான். அந்த நேர்ப்பெட்டி ஹாலின் கடைசி மேசை வரை மெட்டைக் கனமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. நார்மன்கூடக் கைக்குட்டையை எடுத்தார். விளக்கு பச்சையிலேயே நின்றது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மெட்டு மேலே ஏறி நிற்கிற அந்த இடம் வந்தது. டெனீஸ் மாப்பிள்ளை தோளில் தலையைச் சாய்த்தாள். ஆலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட வேலை செய்கிறவன் வீட்டுப் பெண் ஆடினால் கை தட்ட மாட்டார்கள். எழுந்து நின்று, சம்மட்டி விழுகிற கணக்கில் எல்லோரும் ஒன்றாகத் தரையை மிதித்து மேசையைக் குத்துவார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆசீர்வாதம் அதுதான். காது மந்தமானவர்கள் என்பதால் எவ்வளவு சத்தம் போடுகிறோம் என்பது அவர்களில் ஒருத்தனுக்கும் தெரியாது. நான் சுவரைப் பார்த்தேன். மஞ்சள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வாழ்த்துகிறேன் என்று நினைத்து இன்னும் பலமாகக் குத்தினார்கள். சிவப்பு.

மின்சாரம் போனது. என் பேஸ் நின்றது. லெஸ்ஸின் கிட்டார் ஒரு இழுப்பு இழுத்து அமுங்கிப்போனது.

லெஸ் வாசித்துக்கொண்டே இருந்தான்.

ஹாலில் 'ஓ' என்று கூவ வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ராய் ஒரு பழக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்தான். அந்தத் தட்டு பாதத்துக்கு வந்ததால் லெஸ்ஸுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடி, புன்னகையோடு, உயிரில்லாத கம்பிகளில் மெட்டை மேலே நிறுத்தி, மெதுவாக இறக்கினான். கம்பியில் நகம் பட்டு 'டிக், டிக்' என்று வருகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. நார்மன் சாவிக்காக ஆபீஸ் அறைக்கு ஓடினார். ராய் நிறுத்தலாமா என்பது போல என்னைப் பார்த்தான். நிறுத்தாதே என்று தலையாட்டிவிட்டு, நானும் செத்த கம்பிகளில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டெனீஸ் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அப்பாவையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். மாவிஸ் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதிலேயே அந்தப் பெண்ணுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையின் கையைத் திரும்ப எடுத்துத் தன் இடுப்பில் வைத்தாள். "ஆடு" என்றாள். ஆடினார்கள். ராயின் கால் மிதிக்கு, மெட்டு முடிகிறவரை, இரண்டு பேரும் ஆடினார்கள்.

லெஸ் கடைசிச் சுரத்தை விரலில் பிடித்து, அது அடங்கக் காத்திருந்து, கண்ணைத் திறந்தான். டெனீஸ் கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். எல்லோரும் தட்டினார்கள். அவன் தலைகுனிந்து வணங்கினான். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பார்த்ததில்லை. பிறகு ஆம்ப்ளிஃபயரை அணைக்கத் திரும்பினான். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை.

கையை அந்தரத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். சுவரைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

"எந்த எடத்துல போச்சு, வில்ஃப்?"

"கடைசில" என்றேன். "கடைசி வரியிலதான்டா. ஒருத்தருக்கும் தெரியல."

"பொய் சொல்றவன்தான் இவ்ளோ தெளிவா வாயத் தெறந்து சொல்லுவான்" என்றான். கோபமே இல்லை அவன் குரலில். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிட்டாரைத் துடைத்து உறையில் போட்டான். அதற்குப் பிறகு அவன் அதை எடுக்கவே இல்லை.

நார்மன் சாவியோடு மூச்சு வாங்க ஓடிவந்து சுவர்ப் பெட்டியில் அதைப் போட்டுத் திருப்பினார். மின்சாரம் வந்தது. இசைத்தட்டு போடுகிற ஆள், ஹால் இருந்த நிலையைப் பார்த்துப் பயந்து, கையில் கிடைத்த ஒரு மெதுவான பாட்டைப் போட்டான். டெனீஸ் மேடை ஓரம் வந்து கையை நீட்டினாள். லெஸ் காலுறையோடு இறங்கிப் போனான். அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தை மார்பில் புதைத்துக்கொண்டாள். அவனுக்கு அவள் உதடு தெரியவில்லை. வேறு ஆடுகிறவர்கள் யாரும் இல்லாததால் சுற்றிப் பார்த்தும் அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குனிந்து அவள் காதில் கேட்டான். ரகசியமாகக் கேட்பதாகத்தான் நினைத்திருப்பான். ஹால் முழுக்கக் கேட்டது.

"இப்ப பாட்டு ஓடுதாம்மா?"

அவள் அவன் நெஞ்சிலிருந்து முகத்தை எடுக்காமலே, அவனுக்குப் புரிகிற மாதிரி, அழுத்தித் தலையசைத்தாள்.